பார்லி மணியின் எடை

நான் கண் செய்கிறவள்.
ஸ்போகேன் நகரில், பல் மருத்துவருக்கு மேல்மாடி,
வடக்கு ஜன்னல் வெளிச்சம்.
இருக்கிற கண்ணைப் பார்த்து
இல்லாத கண்ணுக்கு வண்ணம் தீட்டுவேன்.
வெள்ளைவிழியின் நரம்புக்குச்
சிவப்புப் பட்டுநூலை இழையிழையாய்ப் பிரித்து ஒட்டுவேன்.
நாள் முழுக்க எதிரில் உட்கார வேண்டும்.
அதனால் பேசுவார்கள்.

டெல்மர் ஹூக்ஸ்ட்ரா. ஐடஹோவில் நானூறு ஏக்கர் பார்லி.
வலது கண். கூடவே கட்டைவிரலில் பாதி.
சாம்பலில் பச்சை கலந்த நிறம்.
"அறுப்புக்கு முந்தின வாரப் பயிர்" என்று
அவரே சொல்லிக் கூசினார்.

துப்பாக்கிச் சந்தையில் கடைசி மேஜை.
ராய்ஸ் கில்ஃபில்லன் என்று ஒருவர்.
வெற்றுத் தோட்டாக்கூட்டை மோந்து பார்த்து
எந்த மலையில் சுட்டது என்பாராம்.
"புத்தகத்தில் இருக்கிற எண்
வக்கீலுக்குப் பயந்தவன் எழுதினது.
முப்பது வருஷமா அதைத் தாண்டித்தான் போடுறேன்.
எண்ணிப் பாருங்க."
கைகளை விரித்தாராம்.
எல்லோரும் எண்ணினார்கள்.
பத்து விரல்.
அதுதான் பட்டம், அதுதான் முத்திரை.
எந்த மருந்து, எந்தத் துப்பாக்கி என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவோமே.

மருந்து என்று பேர் வைத்தாலே போதும்,
ஊரெல்லாம் வைத்தியர்.

விதை வாங்கிய ரசீதின் பின்புறம்
டெல்மர் பென்சிலால் குறித்துக்கொண்டார்.
வீட்டிலும் புத்தகம் இருந்தது:
மேஜைக்கால் ஆடாமலிருக்க, அடியில்.

அந்த மருந்தை நிறுக்கும் அளவுக்குக் கிரெய்ன் என்று பெயர்.
ஒரு காலத்தில் அது ஒரு பார்லி மணியின் எடை.
"என் வயலில் விளைகிறதைத்தான்
கொஞ்சம் கூடப் போட்டுவிட்டேன்" என்றார்.
சிரிக்கப் போய்,
குழி வலித்து, நிறுத்தினார்.

நவம்பர் மாதம். எதிரே மான்கூட இல்லை,
வேலியில் ஆணியடித்த காகிதத் தட்டு.
அதற்கப்புறம் நினைவில் இருப்பது
மனைவி கோரா வண்டியின் உள்விளக்கைப்
போட்டுப் போட்டு அணைத்தது மட்டும்.

மருத்துவமனைக்கு ராய்ஸ் வந்தாராம்,
பேரிக்காய்க் கூடையோடு.
உட்காரவில்லை.
"உன் தராசில்தான் கோளாறு" என்றாராம்.
டெல்மர் தலையாட்டியிருக்கிறார்.
"அவருக்குத் தெரியாததா, சொல்லுங்கள்."
என் தூரிகை பாதி விழியில் நின்றது.

மூன்றாவது நாள் கண்ணைப் பொருத்தினேன்.
கண்ணாடியில் இடம் பார்த்தார், வலம் பார்த்தார்,
இரண்டும் சேர்ந்தே திரும்பின.
பத்தடி தள்ளி நின்றால்
எது பார்க்கிறது,
எது பார்ப்பதுபோல் இருக்கிறது என்று
செய்தவளுக்கே தடுமாற்றம்.

அப்போதுதான் போன் அடித்தது.
பக்கத்துப் பண்ணைப் பையன், கோல்பி.
அதே ரகத் துப்பாக்கி வாங்கியிருக்கிறான்.
எவ்வளவு போடலாம்?
உங்களைவிட யாருக்குத் தெரியும்?

சொல்லுங்கள் டெல்மர்.
புத்தகத்தை உருவச் சொல்லுங்கள்.
மேஜை ஆடினால் ஆடட்டும்.

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.
இத்தனை நாள் கூனியிருந்த மனிதரா இவர்!
பாதிக் கட்டைவிரலால் தாடையைத் தடவினார்.
"இதோ பார்" என்றார்.
குரல் அவருடையது இல்லை,
கடைசி மேஜையிலிருந்து வந்தது.
"பட்டவன் சொல்கிறேன், கேட்டுக்கோ.
ராய்ஸ் சொன்னதில்
ஒரே ஒரு மணி குறைச்சுக்கோ, போதும்."

அந்தப் பையனுக்கு
என்ன நிறக் கண் என்று
ஒரு கணம் யோசித்தேன்.
தொழில் புத்தி.
பிறகு எட்டிப் போனைப் பிடுங்கினேன்,
விரலில் ஈர வண்ணத்தோடு.
வேண்டாம் தம்பி, என்றேன்.
இவர் சொன்ன எதையும் எழுதி வைக்காதே, என்றேன்.

அந்தப் பக்கம் பென்சில் உருளும் ஓசை.
"நீங்க யாரு?
உங்களுக்குத் துப்பாக்கி பற்றித் தெரியுமா?"